ரௌட்டருக்குப் பின்னால் ஆஸ்டரிஸ்க்: கோளாறு எந்த நொடியில் வருகிறது?

“ஃபோன் சரியில்லை” என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, “எத்தனையாவது நொடியில்?” என்பதுதான். எடுத்தவுடனே சத்தம் இல்லையா, அரை நிமிடம் நன்றாகப் பேசிவிட்டு அறுந்ததா, கால் மணி நேரம் கழித்து அறுந்ததா, இல்லை மணியே அடிக்கவில்லையா? ரௌட்டர் செய்யும் முகவரி மாற்றத்தால், அதாவது நேட்டால், வரும் கோளாறுகள் கண்டபடி வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. அதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கீழே சொல்வதெல்லாம் அலுவலக ஃபோன்களை இணையம் வழியாக இணைக்கும் ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளை, அதிலும் பிஜேஎஸ்ஐபி-யில் ஓடுவதை வைத்துத்தான். எஸ்ஐபி என்பது அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் செய்தி பரிமாறும் முறை, பிஜேஎஸ்ஐபி ஆஸ்டரிஸ்க்கில் அதைப் பேசும் பகுதி. அதே வேலையைச் செய்த பழைய சான்-எஸ்ஐபி, ஆஸ்டரிஸ்க்கின் 21-ஆம் பதிப்போடு போய்விட்டது. ‘நேட்=யெஸ்’ என்று எங்கோ எழுதியிருக்கும் பழைய குறிப்புகளைத் தேடி எடுத்து இதில் ஒட்டாதீர்கள். ஆஸ்டரிஸ்க்கைத் திரையிலேயே அமைக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் உள்ளே ஓடுவது இதேதான், திரையில் பெயர்கள் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். அமைப்புகளின் பெயரை இங்கே தமிழில் இடைவெளி விட்டு எழுதுகிறேன். கோப்பில் ஆங்கிலத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டுத்தான் தட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சின்ன அலுவலகம். சர்வர் 192.168.1.10-இல் இருக்கிறது. ரௌட்டரின் வெளி முகவரி 203.0.113.25. உள்ளே சில மேசை ஃபோன்கள், வெளியே செல்பேசியில் சாஃப்ட்ஃபோன், அதாவது ஃபோன் செயலி, வைத்திருக்கும் சிலர், ஊர் எண்களுக்குப் பேச ஒரு எஸ்ஐபி ட்ரங்க், அதாவது தொலைபேசி நிறுவனம் இணையம் வழியாகத் தரும் இணைப்பு.

எல்லாத் தொல்லைக்கும் மூலம் ஒன்றுதான். ரௌட்டர் பாக்கெட்டின் தலைப்பில் உள்ள முகவரியை மட்டும் மாற்றுகிறது. எஸ்ஐபி தன் முகவரியைச் செய்திக்கு உள்ளேயும் எழுதிவைக்கிறது. உறையின் மேல் சரியான முகவரியை எழுதிவிட்டு, உள்ளே கடிதத்தில் “பதிலை மாடி அறைக்குப் போடவும்” என்று எழுதியது போல. எந்த ஊர் மாடி என்று எதிர்முனைக்கு எப்படித் தெரியும்?

## கை வைப்பதற்கு முன்

ரௌட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து அதன் வெளி முகவரியைப் பாருங்கள். அப்புறம் ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்திலும் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி. ரௌட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி தெரிந்தால், இணைய நிறுவனமே உங்களுக்கு மேலே இன்னொரு முகவரி மாற்றம் செய்கிறது என்று பொருள். அந்த வரம்பு 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 10 என்றோ 192.168 என்றோ தொடங்கினாலும் கதை அதேதான்: மேலே இன்னொரு ரௌட்டர் இருக்கிறது. இந்த நிலையில் உங்கள் ரௌட்டரில் எத்தனை போர்ட்டை (எண்ணிட்ட வாசலை) திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து ஒரு பாக்கெட்டும் வந்து சேராது. நிலையான பொது முகவரி கேட்டு வாங்குங்கள். முடியாவிட்டால் வெளியே ஒரு சிறிய மேகச் சர்வர் எடுத்து, அதற்கும் அலுவலகத்துக்கும் நடுவே வயர்கார்ட் என்ற விபிஎன் சுரங்கம் போடுங்கள். இதைப் பார்க்காமல் ஆஸ்டரிஸ்க் கோப்புகளோடு மல்லுக்கட்டுவது வீண்.

அடுத்தது, பாக்கெட்டைக் கண்ணால் பார்க்க ஒரு வழி. சர்வரில் எஸ்என்கிரெப் என்ற கருவியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு அழைப்பின் செய்திகள் எல்லாம் ஏணிப் படம் மாதிரி வரிசையாகத் தெரியும், ஒவ்வொன்றையும் திறந்து படிக்கலாம். அது இல்லையென்றால் ஆஸ்டரிஸ்க் கன்சோலில் ‘பிஜேஎஸ்ஐபி செட் லாகர் ஆன்’ போதும். நம் வேலைக்குப் பார்க்க வேண்டியவை இரண்டு வரிகள்: ‘கான்டாக்ட்’ என்று தொடங்குவது, செய்தியின் அடியில் ‘சி=’ என்று தொடங்குவது. முதல் வரி, இனி கட்டளைச் செய்திகளை எங்கே அனுப்புவது என்று சொல்கிறது. இரண்டாவது, குரலை எங்கே அனுப்புவது என்று சொல்கிறது.

## மணி அடிக்கிறது, எடுத்தால் சத்தம் இல்லை

இதுதான் அதிகம் வரும் புகார். ‘சத்தம் இல்லை’ என்பதோடு விட்டுவிடாமல், யாருக்குக் கேட்கவில்லை என்று கேளுங்கள். குரல் போவதும் வருவதும் இரண்டு தனிப் பாதைகள். எந்தக் காதுக்குக் கேட்கவில்லையோ, அந்தக் காதை நோக்கி வரும் பாதைதான் உடைந்திருக்கிறது.

வெளியாள் பேசுவது அலுவலகத்தில் கேட்கவில்லை, நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறது. நாம் ட்ரங்குக்கு அனுப்பிய செய்தியைத் திறந்து ‘சி=’ வரியைப் பாருங்கள். அங்கே 192.168.1.10 என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. குரலை இந்த முகவரிக்கு அனுப்பு என்று வெளி உலகத்திடம் ஒரு தனியார் முகவரியைக் கொடுத்திருக்கிறோம். பிஜேஎஸ்ஐபி கோப்பில் ட்ரான்ஸ்போர்ட் பகுதியில் மூன்று வரிகள் வேண்டும்: ‘எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ்’ 203.0.113.25, ‘எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸ்’ அதே 203.0.113.25, ‘லோக்கல் நெட்’ 192.168.1.0/24.

மூன்றாவது வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். யாரிடம் வெளி முகவரியைச் சொல்ல வேண்டும், யாரிடம் உள் முகவரியைச் சொல்ல வேண்டும் என்று சர்வர் தீர்மானிப்பது அதை வைத்துத்தான். இல்லாவிட்டால் பக்கத்து மேசை ஃபோனுக்கும் வெளி முகவரி போய், இதுவரை நன்றாக ஓடிய உள் அழைப்புகளும் ஊமையாகும். விபிஎன் வழியாக வருபவர்கள் இருந்தால் அந்த வலையமைப்புக்கும் தனியாக ஒரு லோக்கல் நெட் வரி சேருங்கள்.

இன்னொன்று: ட்ரான்ஸ்போர்ட் பகுதியில் செய்யும் மாற்றம், வழக்கமான அமைப்பில், ரீலோட் செய்தால் ஏறாது. ஆஸ்டரிஸ்க்கையே நிறுத்திவிட்டுத் தொடங்க வேண்டும். சரியான வரியை எழுதிவிட்டு, ரீலோட் போட்டுப் பார்த்து, “இது இல்லை போல” என்று அதை அழித்துவிடுகிறவர்கள் ஏராளம்.

‘சி=’ வரி சரியாக இருந்தும் கேட்கவில்லையா? அப்படியானால் போர்ட். குரல் எந்த போர்ட்டுக்கு வர வேண்டும் என்பது ‘எம்=ஆடியோ’ வரியில் இருக்கும். ஆர்டிபி (குரலைச் சுமக்கும் முறை) கோப்பில் போட்டிருக்கும் வரம்பும் ரௌட்டரில் திறந்துவிட்ட வரம்பும் அப்படியே ஒன்றாக இருக்க வேண்டும், யுடிபி-யாக (போய்ச் சேர்ந்ததா என்று பாராமல் அனுப்பும் வகை) இருக்க வேண்டும். வெளியே ஒரு எண், உள்ளே வேறு எண் என்று ரௌட்டரில் மாற்றி அனுப்பக் கூடாது, ஏனென்றால் செய்திக்குள் எழுதிய எண்ணை ரௌட்டர் திருத்தப் போவதில்லை. மாதிரிக் கோப்பில் 10000 முதல் 20000 வரை இருக்கும். சின்ன அலுவலகத்துக்கு அத்தனை எதற்கு? அழைப்பின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு போர்ட். 10000 முதல் 10199 வரை வைத்தால் நூறு முனைகள், அதாவது ஒரே நேரத்தில் ஐம்பது அழைப்புகள் ஓடும். ‘சில அழைப்பில் மட்டும் கேட்பதில்லை, மறுபடி போட்டால் சரியாகிவிடுகிறது’ என்ற புகார் வந்தால், முதலில் இந்த இரண்டு வரம்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாம் பேசுவது வெளியில் இருக்கும் சாஃப்ட்ஃபோனுக்குக் கேட்கவில்லை. இப்போது குற்றம் எதிர்ப்பக்கம். அந்த ஃபோனும் தன் வீட்டு ரௌட்டருக்குப் பின்னால்தான் இருக்கிறது, அதுவும் தன் ‘சி=’ வரியில் தனியார் முகவரியைத்தான் எழுதுகிறது. கன்சோலில் ‘ஆர்டிபி செட் டீபக் ஆன்’ போட்டால் தெளிவாகத் தெரியும்: ‘காட்’ வரிகளில் பாக்கெட் ஒரு பொது முகவரியிலிருந்து வருகிறது, ‘சென்ட்’ வரிகளில் 192.168.1.105-க்குப் போகிறது. உங்கள் அலுவலகத்தில் அந்த முகவரியில் பிரிண்டர் இருந்தால், வாடிக்கையாளரிடம் பேச வேண்டியதையெல்லாம் பிரிண்டர் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பிஜேஎஸ்ஐபி கோப்பில், அந்த எக்ஸ்டென்ஷனின் (உள் எண்ணின்) எண்ட்பாயின்ட் பகுதியில் ‘ஆர்டிபி சிம்மெட்ரிக்’ யெஸ் என்று வையுங்கள். ஃபோன் எழுதிக் கொடுத்த முகவரியை விட்டுவிட்டு, குரல் எங்கிருந்து வந்ததோ அங்கேயே சர்வர் திருப்பி அனுப்பும். கூடவே ‘ஃபோர்ஸ் ஆர்போர்ட்’ யெஸ், ‘ரீரைட் கான்டாக்ட்’ யெஸ், ‘டைரக்ட் மீடியா’ நோ. வெளியே இருக்கும் எல்லா ஃபோனுக்கும் இந்த நான்கையும் சேர்த்தே போடுங்கள்.

எடுத்தவுடன் கேட்கிறது, ஹோல்டு போட்டு எடுத்தாலோ ட்ரான்ஸ்ஃபர் செய்தாலோ போய்விடுகிறது. டைரக்ட் மீடியா யெஸ்ஸில் இருக்கிறது. சர்வர் நடுவிலிருந்து விலகிக்கொண்டு, இரண்டு ஃபோன்களையும் நேராகப் பேசிக்கொள்ளச் சொல்கிறது. வேறு வேறு ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும் இருவரால் அது ஆகாது. நோ போடுங்கள்.

ட்ரங்க் நிறுவனத்தின் ‘நீங்கள் அழைத்த எண்…’ அறிவிப்பு மட்டும் கேட்பதில்லை, எடுத்த பிறகு எல்லாம் சரி. எதிர்முனை எடுப்பதற்கு முன் வரும் குரல் இது. போர்ட் திறக்காமல், நாம் அனுப்பும் குரல் போகிற வழியில் ரௌட்டர் தானாகத் திறக்கும் ஓட்டையை நம்பி ஓட்டுபவர்களுக்கு வரும். நம் பக்கமிருந்து எதுவும் போகாத வரை ஓட்டையும் இல்லை. ஆர்டிபி வரம்பை முறையாகத் திறந்துவிட்டால் தீரும்.

## 32-ஆவது நொடியில் அறுகிறது

இரண்டு பக்கமும் கணீரென்று கேட்கும். சரியாக அரை நிமிடம் தாண்டியதும் ‘டொக்’. எத்தனை முறை போட்டாலும் அதே நொடி. எல்லாக் கோளாறுகளிலும் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் காரணத்தைத் தானே சொல்லிவிடுகிறது.

அழைப்பை எடுத்தவர் ‘200 ஓகே’ அனுப்புகிறார். அழைத்தவர் அதற்கு ‘ஆக்’ அனுப்ப வேண்டும். வராவிட்டால் எடுத்தவர் 200-ஐத் திரும்பத் திரும்ப அனுப்புவார்: அரை நொடி விட்டு, ஒரு நொடி விட்டு, இரண்டு, நான்கு, அப்புறம் நான்கு நான்கு நொடியாக. அரை நொடியின் 64 மடங்கு, அதாவது 32 நொடி, பொறுப்பதாக 2002-இல் வந்த எஸ்ஐபி விதிநூல் சொல்கிறது. அதற்குள் ஆக் வராவிட்டால் ‘பை’ அனுப்பி அழைப்பை முடித்துவிடுவார்கள். குரல் தனிப் பாதையில் போவதால் அதுவரை பேச்சு தடையில்லாமல் நடக்கும். எஸ்என்கிரெப்பில் ஒரே 200 பத்துப் பதினொரு முறை அடுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆக் ஏன் வரவில்லை? 200-இல் இருக்கும் கான்டாக்ட் முகவரிக்குத்தான் அது போகும். யார் 200 அனுப்பியது என்று பாருங்கள்.

வெளியிலிருந்து ட்ரங்க் வழியாக *வரும்* அழைப்பு அறுந்தால், 200 அனுப்பியது நாம். நம் கான்டாக்டில் 192.168.1.10 இருக்கும். ‘எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸ்’ விடுபட்டிருக்கிறது. மீடியா வரியை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டவர்களுக்கு இது வரும், குரல் சரியாகிவிட்டதால் வேலை முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். அலுவலகத்திலிருந்து வெளியே இருக்கும் சாஃப்ட்ஃபோனுக்குப் *போகும்* அழைப்பு அறுந்தால், 200 அனுப்பியது அந்த ஃபோன். அதன் வீட்டு முகவரிக்கு நாம் ஆக் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அந்த எண்ட்பாயின்ட்டுக்கு ‘ரீரைட் கான்டாக்ட்’ யெஸ்.

அந்த ரீரைட் கான்டாக்டை ட்ரங்குக்கும் போட்டுவைக்க வேண்டாம். ட்ரங்க் நிறுவனம் பொது முகவரியில் இருக்கிறது, அது எழுதும் கான்டாக்ட் உண்மையானது. அதைத் திருத்தினால் நடுவில் இருக்கும் அவர்களுடைய ப்ராக்ஸிகளின் (செய்தியை வாங்கி அனுப்பும் இடைச் சர்வர்களின்) கணக்கு குழம்பும்.

## சரியாகக் கால் மணி நேரத்தில் அறுகிறது

32 நொடிக் கோளாறின் அண்ணன். நீண்ட அழைப்பு உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்க்க செஷன் டைமர் என்று ஒன்று உண்டு. வழக்கமான அளவு 1800 நொடி. பாதி நேரத்தில், 900-ஆவது நொடியில், ஒரு புதுப்பிப்புச் செய்தி போகும். கான்டாக்ட் தவறாக இருந்தாலோ, இத்தனை நேரம் கட்டளைப் பாதையில் எதுவும் போகாததால் ரௌட்டர் அதை மூடிவிட்டிருந்தாலோ, அந்தச் செய்தி போய்ச் சேராது. பதில் இல்லை என்றதும் அழைப்பை முடித்துவிடுவார்கள். ‘டைமர்ஸ்’ நோ என்று போட்டால் போய்விடும் என்று சொல்வார்கள். போகும்தான். ஆனால் எதிர்முனை செத்துப்போன அழைப்புகளும் முடியாமல் தொங்கி, ட்ரங்கின் சானல்களை அடைத்துக்கொள்ளும். கான்டாக்டைச் சரிசெய்வதே முறை.

## கூப்பிட முடிகிறது, ஆனால் யார் கூப்பிட்டாலும் மணி அடிப்பதில்லை

வெளியே இருக்கும் சாஃப்ட்ஃபோனில் பச்சை விளக்கு எரியும். அதிலிருந்து கூப்பிட்டால் போகும். கூப்பிட்டு முடித்த ஓரிரு நிமிடத்துக்குள் அதற்கு அழைத்தால் மணியும் அடிக்கும். ஐந்து நிமிடம் கழித்து அழைத்தால் நேராக வாய்ஸ்மெயில்.

‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சர்வரிடம் செய்யும் பதிவை, ஃபோன் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கிறது. அதன் ரௌட்டரோ யுடிபி ஓட்டையை அவ்வளவு நேரம் திறந்து வைப்பதில்லை. லினக்ஸ் அடிப்படையிலான ரௌட்டர்களில், பதில் வராத ஓட்டத்துக்கு 30 நொடி, இருபுறமும் ஓடியதற்கு இரண்டு, மூன்று நிமிடம். சர்வர் நினைக்கிறது ஃபோன் இருக்கிறதென்று, அதன் வாசலோ மூடிக் கிடக்கிறது.

அந்த ஃபோனின் பதிவு முகவரியை வைத்திருக்கும் ஏஓஆர் பகுதியில் ‘குவாலிஃபை ஃப்ரீக்வென்சி’ 30 என்று வையுங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை சர்வர் ‘ஆப்ஷன்ஸ்’ கேட்கும், ஃபோன் பதில் சொல்லும், அந்தப் பதில் வெளியே போகும்போது ஓட்டை புதிதாகும். ‘பிஜேஎஸ்ஐபி ஷோ கான்டாக்ட்ஸ்’ போட்டால் ‘அவெய்ல்’ என்று நிலையும், போய்வர ஆன மில்லிநொடியும் தெரியும். அங்கே ‘அன்அவெய்ல்’ வந்து வந்து போனால் ஃபோன் பக்கத்தில் இணையம் மோசம், அல்லது செல்பேசி பேட்டரியைக் காப்பாற்ற செயலியைத் தூங்க வைத்துவிட்டது. தூங்கும் செயலியை எந்த ஆப்ஷன்ஸாலும் எழுப்ப முடியாது. அழைப்பு வரும்போது தட்டி எழுப்பும் புஷ் வசதி உள்ள செயலிதான் வழி.

## பதிவே ஆகவில்லை, அல்லது தாறுமாறாக ஆகிறது

மூன்று ஃபோனில் ஒன்று மட்டும் பதிவாகிறது, ஒன்று பதிவானால் இன்னொன்று விழுகிறது, நாம் அனுப்பிய முகவரி ஒன்று போய்ச் சேர்வது வேறொன்று. இப்படித் தர்க்கத்துக்கு அடங்காத எதுவாக இருந்தாலும் ரௌட்டரில் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ என்ற வசதியைத் தேடி அணைத்துவிடுங்கள். செய்திக்குள் இருக்கும் முகவரியை ரௌட்டரே திருத்தி உதவுகிறேன் என்று வந்த வசதி அது. நாம் ஏற்கெனவே சரியாக எழுதியதை அதுவும் ஒருமுறை திருத்தி, பாதியைக் கெடுத்துவைக்கும். மைக்ரோடிக்கில் ஃபயர்வாலின் சர்வீஸ் போர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. லினக்ஸ் ரௌட்டரில் என்எஃப்-கான்ட்ராக்-எஸ்ஐபி, என்எஃப்-நேட்-எஸ்ஐபி என்ற இரண்டு மாட்யூல்கள்.

இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியில் அந்தப் பொத்தானையே காணோமா? சோதனைக்கு ஒரு வழி: எஸ்ஐபி-யின் வழக்கமான போர்ட்டான 5060-ஐ விட்டுவிட்டு 5160 போல வேறு போர்ட்டில் சர்வரைக் கேட்க வைத்து, ஃபோனையும் அதற்கு மாற்றுங்கள். உடனே சரியானால் குற்றவாளி ஏஎல்ஜிதான், அது பெரும்பாலும் 5060-ஐ மட்டும்தான் கவனிக்கும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் செய்தியை மறையாக்கி அனுப்பும் டிஎல்எஸ்-க்கு, 5061-க்கு, போய்விடுங்கள். மறையாக்கிய செய்தியை ஏஎல்ஜியால் படிக்கவே முடியாது.

பதிவு ஆகிறது, ஆனால் கூப்பிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை, சர்வர் லாகிலும் இன்வைட் (அழைப்பைத் தொடங்கும் செய்தி) வந்த சுவடில்லை என்றால் அளவைப் பாருங்கள். கோடெக் (குரலைச் சுருக்கும் முறை) அத்தனையையும், வீடியோவையும் சேர்த்து அனுப்பும் செயலியின் இன்வைட் 1500 பைட்டைத் தாண்டும், யுடிபி-யில் துண்டாகும், துண்டுகளைச் சில ரௌட்டர்கள் தூக்கி எறிந்துவிடும். செயலியில் ஏலா, யூலா என்ற இரண்டு கோடெக்கை மட்டும் விட்டு மற்றதை அணையுங்கள், அல்லது டிசிபி-க்கு மாற்றுங்கள்.

## வீட்டில் ஓடும் செயலி அலுவலக வைஃபையில் ஓடாது

செயலியில் சர்வரின் வெளிப் பெயர் இருக்கிறது. உள்ளே இருந்துகொண்டே வெளி முகவரியைத் தட்டினால், பல ரௌட்டர்களுக்கு அதைத் திருப்பி உள்ளே விடத் தெரியாது. அப்படித் திருப்பி விடும் ஹேர்பின் நேட்டை ரௌட்டரில் போடலாம். அதைவிட, பெயருக்கு முகவரி சொல்லும் அலுவலக டிஎன்எஸ்-இல் அதே பெயருக்கு 192.168.1.10 என்று பதில் சொல்ல வைப்பது சுத்தமான வேலை.

## நேற்று வரை ஓடியது, காலையில் இல்லை

ரௌட்டர் இரவில் இணைப்பைப் புதுப்பித்து வேறு வெளி முகவரி வாங்கியிருக்கும். கோப்பில் இன்னும் பழையதுதான். நிலையான முகவரி இல்லாவிட்டால், எண்ணுக்குப் பதில் டைனமிக் டிஎன்எஸ் பெயரை எழுதலாம். ஆனால் ஆஸ்டரிஸ்க் அந்தப் பெயரை ஒவ்வொரு அழைப்புக்கும் தேடிப் பார்க்கும் என்று எண்ண வேண்டாம். முகவரி மாறினால் சர்வரை மறுதொடக்கம் செய்ய ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் வைத்துவிடுங்கள்.

ராத்திரியில் யாரும் ஒன்றும் செய்யவில்லை, ஆஸ்டரிஸ்க்கை டாக்கருக்கு (மென்பொருளைத் தனிப் பெட்டியில், அதாவது கண்டெய்னரில், ஓட்டும் கருவி) மட்டும் மாற்றினோம் என்பவர்களுக்கு: டாக்கர் 172.17-இல் தானே ஒரு நேட் போடுகிறது. ஆக நேட்டுக்குள் நேட். கண்டெய்னரை ஹோஸ்ட் நெட்வொர்க்கில் ஓட்டுங்கள், ஆயிரக்கணக்கான ஆர்டிபி போர்ட்டை ஒவ்வொன்றாக வெளியிடும் வேலையும் மிச்சம்.

## நடுராத்திரி ஃபோன் தானாக அடிக்கிறது, எடுத்தால் யாருமில்லை

திரையில் 100, 1001 மாதிரி எண்கள். இணையம் முழுக்க 5060-ஐத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஸ்கேனர்களின் வேலை. முதலில் ஆஸ்டரிஸ்க்கின் அழைப்புப் பதிவைப் பாருங்கள். அந்த நேரத்தில் அங்கே எதுவும் இல்லையென்றால் அழைப்பு சர்வர் வழியாக வரவே இல்லை, நேராக ஃபோனுக்கே வந்திருக்கிறது. ஃபோனின் அமைப்பில், பதிவான சர்வரிலிருந்து வருவதை மட்டும் ஏற்கச் சொல்லுங்கள், அதன் உள் போர்ட்டையும் 5060-லிருந்து மாற்றுங்கள்.

அழைப்புப் பதிவில் இருந்தால் விஷயம் பெரிது, யாரோ சர்வர் வரைக்கும் வந்துவிட்டார்கள். கடவுச்சொல்லும் கிடைத்துவிட்டால் உங்கள் ட்ரங்கில் வெளிநாட்டுக்குப் பேசித் தீர்ப்பார்கள். ரௌட்டரில் 5060-ஐ ட்ரங்க் நிறுவனத்தின் முகவரிகளுக்கு மட்டும் திறந்து வையுங்கள், வெளியாட்களை டிஎல்எஸ்-இலோ விபிஎன்-இலோ வரச் சொல்லுங்கள், கடவுச்சொல்லைத் தவறாகத் தட்டிக்கொண்டே இருக்கும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் 201-க்கு கடவுச்சொல்லும் 201 என்று வைத்திருந்தால் அதை இப்போதே மாற்றுங்கள். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லாத அலுவலகம் என்றால் 00-வில் தொடங்கும் எண்களை, எந்த எண் எங்கே போகும் என்று சொல்லும் டயல்பிளானிலேயே அடைத்துவிட்டு, ட்ரங்க் நிறுவனத்திடமும் சொல்லி மூடி வையுங்கள்.